திறந்ததை முறையாக மூடுவோம்

சென்ற வாரம் நம் சங்கத்திலிருந்து ஓர் அழைப்பிதழ் வந்தது. பள்ளி மாணவர்களுக்கு இலவசக் கண் பரிசோதனை முகாம்; தாராவியில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் தொடக்கம். குத்துவிளக்கு ஏற்றுபவர், தலைமை வகிப்பவர், வாழ்த்துரை வழங்குபவர், நன்றி நவில்பவர் எல்லோருடைய பெயரும் அழகாக அச்சாகியிருந்தன. மனத்துக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் ரயில்வே கணக்குப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் பேரேடுகளோடு காலம் தள்ளிவிட்டு 2019இல் ஓய்வு பெற்றவன் நான். எந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தாலும் கண் முதலில் கடைசி வரிக்குத்தான் போகும். இந்த முகாம் என்று முடியும், முடியும்போது யார் யாரிடம் எதை ஒப்படைப்பார்கள் என்பது பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

இருக்காதுதான். அழைப்பிதழில் யாரும் அப்படிப் போடுவதில்லை. இருந்தாலும் எனக்கு ஒரு பழைய சங்கடம் நினைவுக்கு வந்தது. இதே சங்கம், இதே தாராவியில், வேறொரு பள்ளியில் நடத்திய கொரோனா பரிசோதனை உதவி மையத்தை நாம் எப்படி மூடினோம் என்பது உறுப்பினர்களில் பலருக்குத் தெரியாது. மூடினோம் என்று சொல்வதே தவறு. விட்டுவிட்டு வந்தோம். அந்த மையத்துக்குக் கணக்கு எழுதியவன் நான். ஆகவே பழியில் முதல் பங்கு எனக்குத்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தாராவியைப் பற்றி மும்பைத் தமிழருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். இரண்டு சதுர கிலோமீட்டர் சொச்ச இடத்தில் எட்டரை லட்சம் பேர் என்பார்கள். பத்து லட்சம் என்பாரும் உண்டு. பெரும்பாலான வீடுகளுக்குப் பொதுக் கழிப்பறைதான். 2020 ஏப்ரல் 1ஆம் தேதி அங்கே முதல் நோயாளி கண்டறியப்பட்டபோது, இனி அவ்வளவுதான் என்று நகரமே பேசியது. ஆனால் மாநகராட்சி ஊழியர்களும் அந்தப் பகுதியின் தனியார் மருத்துவர்களும் சந்து சந்தாகப் போய் காய்ச்சல் பார்த்தார்கள். நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் நோயைத் தேடிப் போனார்கள். அவ்வாண்டு ஜூலை 10ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். டிசம்பர் 25ஆம் தேதி, ஏப்ரலுக்குப் பிறகு முதல் முறையாக, தாராவியில் புதிய நோயாளி ஒருவர்கூட இல்லை என்ற செய்தி வந்தது.

இந்தப் பெரிய கதையில் நம் பங்கு அணில் பங்கு. 2020 நவம்பர் தொடக்கத்தில் மாநகராட்சி நகரெங்கும் 244 இடங்களில் இலவசப் பரிசோதனைக்கு வழி செய்தது. தீபாவளி முடிந்த கையோடு, எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றின் தரைத்தள அறையிலும் வாரத்தில் மூன்று நாள் மாதிரி எடுக்க ஒரு குழு வரத் தொடங்கியது. மூக்கில் குச்சி விடுவது அவர்கள் வேலை. படிவம் நிரப்புவது, டோக்கன் கொடுப்பது, இந்தியும் மராத்தியும் புரியாத நம் பெரியவர்களுக்குத் தமிழில் விளக்குவது, முடிவு வந்ததும் வீட்டுக்குத் தகவல் சொல்வது, பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்வது இவையெல்லாம் எங்கள் வேலை. வாரத்தில் ஆறு நாளும் எங்கள் மேசை இருக்கும். தொண்டர்கள் பதினொரு பேர். ‘இந்த வயதில் இது தேவையா?’ என்று என் மனைவி கேட்டாள். தேவையில்லைதான். ஆனால் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் மாட்டுங்காவில் இருந்துகொண்டு, அந்தப் பக்கத்தைப் பற்றி எத்தனை நாள் செய்தித்தாளிலேயே படித்துக்கொண்டிருப்பது?

பள்ளிகளின் நிலை அப்போது வேடிக்கையாக இருந்தது. மாநிலம் முழுவதும் நவம்பர் 23ஆம் தேதி ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளைத் திறக்கலாம் என்று சொல்லி, ஆசிரியர்கள் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். ஆசிரியர்கள் வரிசையில் நின்று மூக்கை நீட்டினார்கள். திறப்பதற்கு மூன்று நாள் முன்பு, மும்பையில் மட்டும் பள்ளி திறப்பு இல்லை என்று அறிவிப்பு வந்தது. ‘எங்கள் மூக்குக்குத்தான் பரீட்சை நடந்தது’ என்று ஓர் ஆசிரியை சிரித்தார். மும்பைப் பிள்ளைகளில் எட்டாம் வகுப்புக்கு மேற்பட்டவர்கள் 2021 அக்டோபர் 4ஆம் தேதிதான் பள்ளிக்கு வந்தார்கள். அவர்களைவிடச் சின்னவர்கள் டிசம்பர் 15ஆம் தேதி வந்தார்கள். மூன்று வாரத்தில் ஓமிக்ரான் அலையால் திருப்பி அனுப்பப்பட்டு, 2022 ஜனவரி 24ஆம் தேதி மறுபடியும் வந்தார்கள். அந்த நாட்களில் ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால் போதும், தாயும் பிள்ளையும் எங்கள் மேசைக்கு வந்துவிடுவார்கள். அந்த மேசை இருந்ததால்தான் பிள்ளையைத் தைரியமாகப் பள்ளிக்கு அனுப்பினோம் என்று பல தாய்மார்கள் சொன்னார்கள்.

பிறகு கூட்டம் குறைந்தது. 2021 மே மாதமே வீட்டில் செய்துகொள்ளும் பரிசோதனைப் பெட்டிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. விலை 250 ரூபாய். 2022 ஜனவரி 10ஆம் தேதி, அறிகுறி இல்லாத எல்லோரையும் பரிசோதிக்க வேண்டியதில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லிவிட்டது. மாதிரி எடுக்கும் குழு மூன்று நாள் வந்தது இரண்டாகி, ஒன்றாகி, நின்றது. ஏப்ரல் 2, குடிப் பாடுவா அன்று, மகாராஷ்டிரத்தில் கட்டுப்பாடுகள் அனைத்தும் நீங்கின. அதற்கு முந்தைய வாரமே எங்கள் மேசைக்கு வந்தவர் யாரும் இல்லை. மார்ச் 26ஆம் தேதி சனிக்கிழமை மாலை அறையைப் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்தோம். ‘திங்கட்கிழமை பார்க்கலாம்’ என்று சொல்லிக்கொண்டு கலைந்தோம்.

அந்தத் திங்கட்கிழமை வரவே இல்லை.

பதினான்கு மாதம் கழித்து, 2023 ஜூன் மாதம், பள்ளித் தலைமையாசிரியை தொலைபேசியில் அழைத்தார். பள்ளி திறக்கப் போகிறது, வகுப்புக்கு அறை வேண்டும், உங்கள் சாமான்களை எடுத்துக்கொள்கிறீர்களா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அந்தப் பெரிய தொற்று அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் மே 5ஆம் தேதி அறிவித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. உலகம் கணக்கை முடித்துவிட்டது, நாங்கள் முடிக்கவில்லை.

கதவைத் திறந்தோம். கரும்பலகையில் ‘டோக்கன் 41’ என்று என் கையெழுத்து. மூலையில் காலாவதியான பரிசோதனைப் பெட்டிகள் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய. பயன்படுத்தாத மஞ்சள் பைகள். மேசை இழுப்பறையில், பூட்டுக்கூட இல்லாமல், ஏழு நீள நோட்டுகள். ஒவ்வொன்றிலும் பெயர், வயது, சந்து, தொலைபேசி எண், சோதனை முடிவு. நோய் இருந்தவர்களுக்குச் சிவப்பு மையில் வட்டம். வட்டம் போட்டதும் நான்தான்.

உடன் வந்த நண்பர், ‘இதையெல்லாம் ரத்திக்காரனிடம் போட்டுவிடலாம்’ என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் சரியென்று நோட்டுகளைப் பையில் அடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பள்ளி வாசலில் ஓர் அம்மாள் என்னை மறித்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வள்ளியூர்ப் பக்கத்துப் பேச்சு.

‘அண்ணாச்சி, எம் பேரு அந்த நோட்டுல இன்னும் கெடக்கா?’

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். மாட்டுங்காவில் மூன்று வீடுகளில் சமையல் வேலை பார்த்து வந்தவர். 2021 ஏப்ரலில் சோதனை செய்துகொண்டார், நோய் இருந்தது, தனிமையில் இருந்து குணமாகிவிட்டார். ஆனால் எங்கள் மேசையில் நோட்டு எப்போதும் திறந்தே கிடக்கும் அல்லவா? வரிசையில் நின்ற யாரோ சிவப்பு வட்டத்தையும் பெயரையும் பார்த்திருக்கிறார்கள். செய்தி அவர் வேலை பார்த்த கட்டடம்வரை போயிருக்கிறது. இரண்டு வீடுகளில் வேலை போய், ஐந்து மாதம் ஒரு வீட்டுச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியிருக்கிறார். ‘ஒங்கள ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. நீங்கல்லாம் இல்லன்னா நான் பயந்துகிட்டு சோதனைக்கே வந்திருக்க மாட்டேன். அந்த நோட்டு எங்கெங்க போகுமோன்னுதான் கேட்டேன்’ என்றார்.

ரத்திக்காரனிடம் போன காகிதம் எங்கே போகும் என்பது மும்பையில் யாருக்கும் தெரியும். வடாபாவ் வண்டிக்குப் போகும், வேர்க்கடலைப் பொட்டலமாகும். நான் நோட்டுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அன்றைக்கே இன்னொரு பாக்கியும் தெரிந்தது. அறையைக் கூட்டித் துடைத்து, மஞ்சள் பைகளைக் கட்டி வைத்த பள்ளி மௌஷிக்கு, நாளுக்கு நூறு ரூபாய் நம் நிதியிலிருந்து தருவதாகப் பேச்சு. 2021 டிசம்பர் வரை கொடுத்திருக்கிறேன். அதன் பிறகு, கூட்டம் குறைந்த அசதியில், கொடுக்கவில்லை. விடுமுறைகள் போக 67 நாட்கள், 6,700 ரூபாய். சங்கத்தின் பெயரில் அந்தக் கணக்கில் அப்போது 11,300 ரூபாய் சும்மா கிடந்தது! பணம் இருந்தும் கொடுக்கவில்லை. பதினான்கு மாதம் கழித்துக் கையில் கொடுத்தபோது, ‘மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் போய்ப் பணம் கேட்டால் நன்றாயிருக்குமா என்று விட்டுவிட்டேன்’ என்று மராத்தியில் சொன்னார். முப்பத்தாறு ஆண்டு கணக்கு எழுதியவனுக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் மூடுகிற வேலையைத் தொடங்கினோம். ஐந்து பேர், நான்கு ஞாயிற்றுக்கிழமை. நோட்டுகளிலிருந்து எண்களை மட்டும் தனியே எடுத்தோம்: எந்த வாரம் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு நோய், எந்த நேரத்தில் கூட்டம், எத்தனை பேர் முடிவு தெரியாமலே போனார்கள். பெயர் இல்லை, சந்து எண் இல்லை. அது ஒரு சின்ன நோட்டில் அடங்கிவிட்டது. ஏழு நோட்டுகளையும் தாள் தாளாகக் கிழித்து, பக்கெட் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்துக் கூழாக்கினோம். அந்த அம்மாளுக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன். வந்து பக்கெட்டை எட்டிப் பார்த்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். காலாவதியான பெட்டிகளைக் குப்பையில் போடாமல் மாநகராட்சி மருந்தகத்தில் கேட்டு, மருத்துவக் கழிவோடு சேர்த்து அனுப்பினோம்.

இதையெல்லாம் படிக்கும் சிலர், ‘முடிந்துபோனதை ஏன் கிளற வேண்டும்? ஜனங்களே மறக்க விரும்புகிறார்கள்’ என்று சொல்லலாம். செயற்குழுவிலேயே ஒருவர் சொன்னார். உண்மைதான், மறக்க விரும்புகிறார்கள். அதனால்தான் அவர்கள் பெயரைச் சுமக்கும் காகிதத்தை நாம் மறக்கக் கூடாது. இன்னொருவர், ‘இது அரசு செய்ய வேண்டிய காரியம். நாம் வெறும் தொண்டர்கள்’ என்றார். சோதனை அரசுடையது, நோட்டு நம்முடையது. மௌஷிக்குக் கொடுத்த வாக்கும் நம்முடையது.

வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தேன். இங்கிலாந்தில் 2021 மார்ச் 8ஆம் தேதி பள்ளிகள் திறந்தபோது, மேல்நிலை மாணவர்கள் வாரம் இருமுறை தாங்களே சோதித்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். பெரும்பாலான பள்ளிகளில் 2022 பிப்ரவரி 21ஆம் தேதியோடு அது முடிகிறது என்று நாள் குறித்து அறிவித்தார்கள். ஏப்ரல் 1 முதல் பொதுமக்களுக்கும் இலவசச் சோதனை இல்லை என்றார்கள். அவசரப்பட்டு நிறுத்துகிறார்கள் என்று அங்கே சண்டை நடந்தது. அமெரிக்காவில் பள்ளிப் பரிசோதனைக்கென்றே 2021இல் ஆயிரம் கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2023 மே 11ஆம் தேதியோடு பொதுச் சுகாதார அவசரநிலையை முடித்தார்கள். அவர்கள் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. நாள் குறித்ததால்தான் சண்டை போடவாவது முடிந்தது என்கிறேன். ‘இன்னும் ஒரு மாதம் வேண்டும்’ என்று கேட்க ஒரு தாய்க்கு அங்கே இடம் இருந்தது. நம் பள்ளியில் 2022 மார்ச் 28ஆம் தேதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்திருந்தால், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள். வந்தார்களா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊரையே பார்ப்போம். 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. ஹாஃப்கின் இங்கே வந்து தடுப்பு மருந்து செய்து, 1897 ஜனவரி 10ஆம் தேதி முதலில் தன் உடம்பிலேயே குத்திக்கொண்டார். பரேலில் இன்றும் அவர் பெயரில் நிறுவனம் இருக்கிறது. அப்போதைய பிளேக் குழு வீடு வீடாகப் புகுந்து ஜனங்களைப் படுத்திய பாடு பொல்லாதது. ஆனால் அந்தக் குழு உட்கார்ந்து அறிக்கை எழுதி வைத்தது. அதனால்தான் அவர்கள் எங்கே உதவினார்கள், எங்கே கொடுமை செய்தார்கள் என்று நூறாண்டு கடந்தும் படிக்க முடிகிறது. நல்லெண்ணத்தோடு வேலை செய்த நாம் ஒரு பக்கம்கூட எழுதாமல் போனால், அடுத்து வருபவன் மறுபடியும் முதல் படியிலிருந்துதான் ஏற வேண்டும்.

நாங்கள் அந்தச் சின்ன நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தவற்றில் சிலவற்றை இங்கே தருகிறேன். காலை பத்து மணிக்கு மேசை போட்டால் தினக்கூலிக்காரர் வரமாட்டார். மாலை ஆறு மணிக்குப் பிறகும் இருக்க வேண்டும். படிவத்தில் எழுதும் தொலைபேசி எண் பாதி வீடுகளில் மகனுடையது அல்லது கடை முதலாளியுடையது. முடிவை யாரிடம் சொல்லலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். படிவம் நிரப்பியவரே முடிவையும் சொன்னால் ஜனங்கள் பயப்படுவதில்லை. நோட்டு மேசையில் திறந்து கிடக்கக் கூடாது. சிவப்பு வட்டம் கூடவே கூடாது. இவை பெரிய கண்டுபிடிப்புகள் அல்ல. ஆனால் பதினாறு மாதம் உட்கார்ந்து, ஓர் அம்மாளின் வேலையையும் பறித்த பிறகே எங்களுக்குத் தெரிந்தன. அடுத்தவருக்கு முதல் நாளே தெரியட்டுமே.

ஆகவே செயற்குழுவுக்கு என் விண்ணப்பம். கண் பரிசோதனை முகாமுக்கும், இனி நாம் தொடங்கும் எந்தப் பணிக்கும், இந்த ஐந்தையும் முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிவிட வேண்டும்.

1. முடிவு நாள் எது, அதை யார் அறிவிப்பது. நீட்டிக்கலாம்; ஆனால் குறிப்பிடாமல் இருக்கக் கூடாது. முடிவதை இரண்டு வாரம் முன்பே பள்ளி வாசலில் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் எழுதி ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகு எங்கே போகலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

2. எழுதிய பெயர்கள் யார் பொறுப்பில் இருக்கும், எந்தத் தேதியில் அழிக்கப்படும்.

3. கூலி, தேநீர்க்காசு, ஆட்டோக்காசு உட்படப் பாக்கி எதுவும் இல்லை என்று கணக்கர் கையெழுத்திட்ட பிறகே கணக்கை மூடுவது. மீந்த பணம் எங்கே போகிறது என்று நம் இதழிலேயே வெளியிடுவது.

4. மீந்த மருந்து, கருவி, கண்ணாடி எதுவானாலும் எண்ணி, கையெழுத்து வாங்கி ஒப்படைப்பது.

5. அடுத்து வருபவருக்கு ஒரு பக்கக் குறிப்பு. பெருமை வேண்டாம், தவறுகளை எழுதினால் போதும்.

இவற்றோடு ஒன்றைச் சொந்த ஆசையாகவும் கேட்கிறேன். முடிக்கும் நாளன்று ஒரு சிறு கூட்டம் நடத்துங்கள். பொன்னாடையை, வரும்போது தலைவருக்குப் போடுவதைவிட, போகும்போது அறையைக் கூட்டியவருக்குப் போடுங்கள். கூலியைக் கையில் கொடுத்துவிட்டுப் போடுங்கள்.

முகாம் தொடக்க விழாவுக்கு நான் கட்டாயம் வருவேன். முதல் வரிசை வேண்டாம். கணக்கு நோட்டு ஒன்றும், இழுப்பறைக்கு ஒரு பூட்டும் கொடுத்தால் போதும். பூட்டை நானே வாங்கி வருகிறேன், ரசீது வைக்கிறேன்.